வேடமும் விசுவாசமும்

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளத்தூரில் மேடை ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும், இந்த ஊரிலிருந்து மேடை ஏறிய ஒருவரை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். மன்னார்குடியில் 1937-இல் பிறந்து, சிறு வயதிலேயே தாயாருடன் இங்கே வந்து சேர்ந்து, ‘பள்ளத்தூர் பாப்பா’ என்ற பெயரில் நாடகங்களில் பாடி நடித்த சிறுமியைத்தான் சொல்கிறேன். அவர்தான் பிறகு ஆச்சி மனோரமா ஆனார். 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’யில் தொடங்கி ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார். 2015 அக்டோபரில் அவர் மறைந்தபோது, தன் வீட்டு ஆச்சியைப் பறிகொடுத்ததுபோல இந்த ஊர் அழுதது.

பக்தியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடிகையிடமிருந்து ஏன் தொடங்குகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் உண்டு. எங்கள் வேதத்தில் இயேசு மிகக் கடுமையாகத் திட்டுகிற ஒரு சொல் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் ‘மாயக்காரர்’ என்று இருக்கும். பின்னால் வந்ததில் ‘வெளிவேடக்காரர்’ என்று போட்டிருக்கிறார்கள். மூலமான கிரேக்கச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் நேர்ப்பொருள் ‘மேடையில் நடிப்பவர்’ என்பதுதான். தெருமுனையில் நின்று ஊர் பார்க்க செபம் சொல்கிறவர்களையும், தருமம் செய்யும்போது தாரை ஊதிக்கொள்கிறவர்களையும் அவர் அந்தச் சொல்லால்தான் குறிப்பிட்டார்.

ஆனால், மனோரமா ஆச்சி மாயக்காரர் இல்லை. ‘நான் நடிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு நடித்தவர் அவர். சீட்டு வாங்கிப் பார்க்கிற நமக்கும் அது தெரியும். மேடையை விட்டு இறங்கிய பிறகும் அரிதாரத்தைக் கழுவாதவன்தான் மாயக்காரன். அவன் சீட்டு விற்பதில்லை, காணிக்கை வாங்குகிறான்.

இந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு, விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒரு தோழிதான் காரணம். இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். நகரத்தார் வீட்டுப் பெண். சில மாதங்களுக்கு முன்னால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்:

“ஏண்டி, எங்க வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு ஒரு செபக் கூட்டத்துக்குப் போறா. போன மாசம் வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போட்டிருக்கா. கேட்டா, ‘நூறு மடங்காத் திரும்பி வரும் ஆச்சி, விசுவாசம் வேணும்’ங்கிறா. உங்க வேதத்துல அப்படியா சொல்லியிருக்கு? எது அசல், எது போலின்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

நியாயமான கேள்வி. எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டியதை வெளியிலிருந்து ஒருத்தி கேட்டாள். உடனே ஏதோ பதில் சொன்னேன், சொல்லிவிட்டு அன்று இரவெல்லாம் யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தப் பேச்சு. கூட்டத்தில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்வது எங்கள் வீட்டுச் சங்கதி. உங்கள் வீட்டிலும் இதே சங்கதி வேறு பெயரில் நடந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கம் என்றால் உரைகல் இருக்கிறது, மாற்றுப் பார்க்கலாம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் விசுவாசத்தை எந்தக் கல்லில் உரசுவது? எனக்கு ஆத்தங்குடிக் கல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கண்ணாடியை அடியில் வைத்து, அதன்மேல் வண்ணக் கலவையை ஊற்றிப் பூப்போட்டு, பின்னால் மணலும் சிமெண்டும் அடைத்து, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளையில் வைப்பதே இல்லை. வாங்கி வந்த அன்று கடையில் விற்கிற அச்சுப்போட்ட பளபளப்பு ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆத்தங்குடிக் கல் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். பத்து வருஷம் குழந்தைகளும் பெரியவர்களும் நடந்த பிறகு பாருங்கள். கால் படப்பட மெருகு ஏறியிருக்கும். அச்சுப்போட்டதில் பூ தேய்ந்துபோயிருக்கும். முதல் நாள் பார்த்துச் சொல்ல முடியாது என்பது ஒரு சங்கடம்தான். ஆனால் உண்மை அதுதான்.

இனி நம் சீமைக்கு வருகிறேன். சிவகங்கை தனிச் சீமையாகப் பிரிவதற்கு முந்தைய காலம். மறவர் சீமை முழுவதும் இராமநாதபுரம் சேதுபதியின் ஆட்சியில் இருந்தது. திருவாடானைப் பக்கத்திலே ஓரியூர் என்று ஒரு ஊர். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கே ஒரு போர்த்துக்கீசியச் சாமியாரின் தலையை வெட்டினார்கள். ஐரோப்பாவில் அவர் பெயர் ஜான் டி பிரிட்டோ. நம் சனங்களுக்கு அவர் அருளானந்தர். அந்த இடத்து மணல் இன்றைக்கும் சிவப்பாக இருக்கிறது. யாத்திரை போகிறவர்கள் ஒரு பொட்டலம் எடுத்து வருவார்கள். எங்கள் வீட்டு மாடப்பிறையில் அந்த மண் எப்போதும் இருக்கும்.

அவர் கதையில் வேடம் இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை சிறு பையனாக இருந்தபோது. 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். கடுமையான நோய் வந்து பிழைக்கமாட்டான் என்று பயந்த தாயார், பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசுசபைச் சாமியார் அங்கியை உடுத்திவிடுவதாகப் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தான். பட்டு உடுத்திய பிள்ளைகளுக்கு நடுவே இவன் மட்டும் கறுப்பு அங்கியோடு திரிந்தான். நம் ஊரில் நேர்த்திக்கடனுக்குப் பிள்ளைக்கு வேஷம் போட்டு அழைத்துப் போகிறோமே, அதுதான். அந்தப் பையன் 15 வயதில், 1662-இல், தானாகவே போய் அந்தச் சபையில் சேர்ந்தான். தாயார் போட்ட வேஷம் மெய்யாகிவிட்டது.

இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். பார்த்துச் செய்வது எல்லாம் போலி இல்லை. குழந்தை அம்மாவைப் பார்த்து முழங்கால் போடுகிறது, கையைக் கூப்புகிறது, அர்த்தம் தெரியாமல் முணுமுணுக்கிறது. அது நாற்று. வளர்ந்த பிறகும் நாற்றங்காலை விட்டு நகராமல் இருந்தால்தான் சிக்கல்.

இரண்டாவது வேடம் இங்கே வந்த பிறகு. 1673-இல் இந்தியாவுக்கு வந்தவர், பண்டாரசாமி கோலத்தை ஏற்றார். காவி உடுத்தினார், மரக்கறி உணவு மட்டும் உண்டார், காடு கரை என்று நடந்தே போனார். அவருக்கு முன்னால் 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் டி நொபிலி இதே வழியைத் தொடங்கி, ‘இவர் கிறிஸ்தவரே இல்லை, இந்துவாகிவிட்டார்’ என்று சொந்தச் சபையாரிடமே பேச்சு வாங்கினார். பூணூல், சந்தனம், குடுமி எல்லாம் சரியா தவறா என்ற வழக்கு ரோமாபுரி வரைக்கும் போனது. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலிக்குச் சாதகமாகச் சொன்னார். ஆனாலும் சண்டை ஓயவில்லை. அருளானந்தர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவருக்குப் புனிதர் பட்டம் தரலாமா என்று விசாரித்தபோது, ‘இவர் இந்த நாட்டுச் சடங்காசாரங்களைக் கடைப்பிடித்தவர் ஆயிற்றே’ என்று ஒரு தடையைக் கிளப்பினார்கள். 1741-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ‘அது தடையில்லை’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. முத்திப்பேறு பட்டம் 1853-இல், புனிதர் பட்டம் 1947 ஜூனில். இறந்ததற்கும் புனிதர் ஆனதற்கும் நடுவே 254 வருஷம்! நாம் ஒரு கூட்டத்தில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு ‘ஆகா, இவர் பெரிய தேவமனிதர்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

சரி, அந்தத் தலை ஏன் வெட்டப்பட்டது? அங்கேதான் என் தோழியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

மறவர் சீமையில் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் என்று ஒருவர் இருந்தார். தீராத நோயில் படுத்திருந்தார். அருளானந்தரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சாமியார் தாம் போகாமல் தம்முடைய உபதேசியாரை அனுப்பினார். உபதேசியார் போய்ச் செபம் சொல்லி, சுவிசேஷத்தை வாசித்தார். தேவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் வழக்கில் இதைப் ‘புதுமை’ என்போம். உடனே தேவர், ‘எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கள்’ என்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நோய் தீர்ந்துவிட்டது. அரச குடும்பத்து மனிதர் வலிய வந்து கேட்கிறார். 1686-இல் இதே சீமையில் அருளானந்தரைப் பிடித்துக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்திருக்கிறார்கள். இனிமேல் இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லித்தான் சேதுபதி விடுதலை செய்தார். அப்படிப்பட்ட இடத்தில் தடியத் தேவரைப் போன்ற ஒருவர் பக்கபலமாகக் கிடைத்தால் எவ்வளவு பெரிய லாபம்! இன்றைய கூட்டக்காரர் யாராவது அந்த இடத்தில் இருந்தால், மறுநாளே மேடை போட்டு, தேவரைச் சாட்சி சொல்ல வைத்து, படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருப்பார். கதை அதோடு முடிந்திருக்கும்.

அருளானந்தருக்குக் கதை அங்கே தொடங்கியது. ‘உமக்கு மனைவிமார் பலர் இருக்கிறார்களே, ஒருத்தியோடு மட்டும் வாழ்வதற்கு இசைந்தால்தான் ஞானஸ்நானம்’ என்றார். சுகம் கிடைத்ததை அவர் விசுவாசத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சுகம் கடவுள் கொடுத்தது. மனிதன் என்ன கொடுக்கப் போகிறான் என்பதுதான் அவர் கேள்வி. தேவர் இசைந்தார். 1693 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி கடலாயி. அவள் சேதுபதிக்கு உறவுமுறையில் மகள் போன்றவள். அரசரிடம் போய் முறையிட்டாள். இரண்டே நாளில் சாமியாரைப் பிடித்தார்கள். இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓரியூருக்கு அனுப்பி, மாதம் முடிவதற்குள் முடித்துவிட்டார்கள்.

சாகாமல் இருக்க அவருக்கு வழியே இல்லாமல் போகவில்லை. 1688-இல் போர்த்துக்கல் திரும்பியிருந்தபோது, பழைய பால்ய நண்பரான அரசர் இரண்டாம் பேதுரு, ‘இங்கேயே இருந்து என் மகனுக்குக் கல்வி சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்டார். அரண்மனை வாழ்க்கை. 1690-இல் மறுபடியும் இந்த வெயிலுக்குத்தான் திரும்பி வந்தார்.

‘நூறு மடங்கு திரும்பி வரும்’ என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அருளானந்தருக்கு என்ன திரும்பி வந்தது? என் தோழிக்கு நான் சொல்ல விரும்பும் முதல் பதில் இதுதான்: கொடுத்தால் கிடைக்கும் என்று சொல்வது விசுவாசம் இல்லை ஆத்தா, அது வட்டிக்கடை. வட்டிக்கடையைப் பற்றி பள்ளத்தூர்க்காரிக்கு நான் சொல்ல வேண்டுமா? சுவிசேஷத்தில் ஏழை விதவை காசு போட்ட கதை வருகிறது, உண்மைதான். ஆனால் அவள் வீட்டுக்குப் போனபோது பை நிறைந்திருந்தது என்று ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. இன்னும் ஒன்று. அந்தக் கதைக்குச் சற்று முன்னால்தான், நீளமாகச் செபம் சொல்லிக்கொண்டே விதவைகளின் வீடுகளைக் காலி செய்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். காணிக்கைப் பிரசங்கம் செய்கிறவர்கள் அந்த முன்பகுதியை வாசிப்பதைப் பெரும்பாலும் நான் கேட்டதில்லை.

இதெல்லாம் பணத்தோடு போனால் பரவாயில்லை. என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். சித்திக்குச் சர்க்கரை வியாதி. பல வருஷமாக மாத்திரை சாப்பிட்டுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். ஒரு கூட்டத்துக்குப் போனார். அங்கே வந்த ஊழியர் ஒருவர், ‘மாத்திரை போடுகிறவரைக்கும் உங்களுக்கு விசுவாசம் இல்லை என்றுதானே அர்த்தம்?’ என்று கேட்டிருக்கிறார். சித்தி வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டார். எங்களிடம் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் காலில் ஒரு சின்னப் புண். அதற்கும் எண்ணெய் தடவிச் செபம். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் அந்த ஊழியரைத் தேடிப் போய்ப் பேசினேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. “சகோதரிக்கு விசுவாசம் பத்தலை” என்றார்.

அந்த ஒரு பதிலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுகமானால் புகழ் அவருக்கு. ஆகாவிட்டால் பழி நோயாளிக்கு. எந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்கு நஷ்டமில்லாத பகடை. அருளானந்தருடைய விசுவாசத்தில் ஆபத்தெல்லாம் அவருக்கு. இந்த மனிதருடைய விசுவாசத்தில் ஆபத்தெல்லாம் என் சித்திக்கு. போலியை அடையாளம் காண எனக்குத் தெரிந்த நல்ல வழி, விலை யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதுதான். மந்திரத்தால் சர்க்கரை வியாதியைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தி இப்போதும் இருக்கிறார். செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறார். மாத்திரையும் போடுகிறார். “ரெண்டையும் கொடுத்தவர் ஒருத்தர்தானே” என்பார்.

அழுகை, ஆரவாரம், உடம்பு நடுங்குவது, வேதவசனம் கடகடவென்று நாவில் வருவது இவையெல்லாம் விசுவாசத்தின் அடையாளம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவையெல்லாம் பொய் என்று தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் என்று ஒரு போதகர். அவர் ஊரில் பெரிய எழுப்புதல் நடந்து, கூட்டம் கூட்டமாகச் சனங்கள் கண்ணீர் விட்டு அழுதார்கள். சில வருஷத்தில் பலர் பழையபடி ஆகிவிட்டார்கள். ஏன் இப்படி என்று யோசித்து 1746-இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் எனக்குப் பிடித்த பகுதி, ‘இதை வைத்து இப்படியும் முடிவு கட்டாதே, அப்படியும் முடிவு கட்டாதே’ என்று அவர் சொல்லும் பட்டியல்தான். கண்ணீர் வந்ததால் அசலும் இல்லை, போலியும் இல்லை. கடைசியில் அவர் கண்ட முக்கியமான அடையாளம், நாள்பட்ட நடத்தை. நம் ஆத்தங்குடிக் கல் நியாயம்தான். வேடிக்கை என்னவென்றால், நற்கருணைக்கு வருகிறவர்களிடம் மெய்யான விசுவாசம் வேண்டும் என்று கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னதற்காக அவருடைய சபையே 1750-இல் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது.

நான் வாழ்க்கைப்பட்டது திருநெல்வேலிப் பக்கம். மாமியார் வீடு சி.எஸ்.ஐ. கல்யாணமாகிப் போன புதிதில் அங்கே எல்லோர் வாயிலும் ‘டோனாவூர் அம்மா’ என்ற பெயர் வரும். ஏமி கார்மைக்கேல் என்ற ஐரிஷ் அம்மையார். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் டோனாவூரில் ஆதரவில்லாத குழந்தைகளை எடுத்து வளர்த்தவர். அவர் செய்த தருமங்களை ஊரே சொல்லும். நான் சொல்ல வருவது அவர் எழுதிய ஒரு புத்தகத்தைப் பற்றி. அந்தக் காலத்தில் மிஷனரிகள் சீமைக்கு அனுப்பும் கடிதங்களில் வெற்றிச் செய்திகளாக இருக்கும். ‘இத்தனை பேர் மனம் திரும்பினார்கள், இத்தனை பேர் கண்ணீர் விட்டார்கள்’ என்று. படிக்கிறவர்கள் பணம் அனுப்புவார்கள். இந்த அம்மையார், உள்ளதை உள்ளபடி எழுதினார். ஊர் ஊராகப் போனோம், பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை, கேட்டவர்களும் திரும்பிப் போனார்கள் என்கிற மாதிரி. கைப்பிரதியைப் பார்த்தவர்கள், ‘இது ரொம்பச் சோர்வு தருகிறது, கொஞ்சம் உற்சாகமாக மாற்றிக் கொடுங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மாற்றவில்லை. பிறகு 1903-இல்தான் அது அச்சேறியது. புத்தகத்தின் பெயரே ‘உள்ளது உள்ளபடி’ என்ற அர்த்தத்தில் இருக்கும்.

என்னைக் கேட்டால், அந்த அம்மையார் செய்த பெரிய காரியங்களில் இதையும் சேர்ப்பேன். கடவுளுக்காகத்தானே என்று சொல்லிச் சொல்லும் பொய்தான் இருக்கிற பொய்களில் பொல்லாதது. பிறகு 1931-இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். ஊரார் நோய்க்கெல்லாம் செபித்தவர் தன் நோய் தீராமலே போனார். என் சித்தியிடம் கேள்வி கேட்ட ஊழியர் இவரிடமும் ‘விசுவாசம் பத்தலை’ என்று சொல்லியிருப்பாரோ என்னவோ! கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் ‘அம்மாள்’ என்பதுபோல ஒரே ஒரு சொல்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் தேவகோட்டைக்குத் தெற்கே சருகணிக்குப் போய் வாருங்கள். லூயி லெவே என்ற பிரெஞ்சுச் சாமியார் வாழ்ந்து 1973-இல் மறைந்த ஊர். அவரைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. முழங்காலில் இருந்ததையும், வந்தவர்களுக்குக் கையில் இருந்ததைக் கொடுத்ததையும் சொல்வார்கள். அவரைப் புனிதராக்க வேண்டும் என்ற விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. ரோமாபுரி அவசரப்படாது. நாமும் அவசரப்பட வேண்டியதில்லை.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். இது பெண்கள் கல்லூரி என்பதால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கடலாயியைப் பற்றி. ஓரியூர்க் கதையை எங்கள் கோயில்களில் நாடகமாகப் போடும்போது அவள்தான் வில்லி. தலைவிரிகோலமாக வந்து கத்துவாள்; பிள்ளைகள் கல்லெறியாத குறை. சின்ன வயதில் நானும் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். இந்தக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன பிறகு அந்த நாடகத்தை அப்படியே பார்க்க முடியவில்லை. அவள் என்ன குற்றம் செய்தாள்? முறைப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டாள். ஒரு நாள் காலையில் புருஷன், ‘நான் வேதத்தில் சேரப் போகிறேன், நீ இனி என் மனைவி இல்லை’ என்கிறான். அவள் அரசரிடம் போகாமல் வேறு எங்கே போவாள்? அவளுக்கு வேறு எந்தக் கச்சேரி இருந்தது?

அருளானந்தர் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்பதை விட்டுக்கொடுத்து ஞானஸ்நானம் கொடுத்திருந்தால், அது அரசாங்கத் தயவுக்காக விற்ற ஞானஸ்நானமாகியிருக்கும். அவர் தம் உயிரையே அதற்கு விலையாகக் கொடுத்தார். யார் தலையிலும் அதைத் தள்ளவில்லை. ஆனால் தடியத் தேவர் மெய்யாக மனம் மாறினார் என்பதற்கு விலை கொடுத்தவர்களில் கடலாயியும் ஒருத்தி. விலை யார் தலையில் விழுகிறது என்று பார்க்கச் சொன்னேனே, அந்தக் கணக்கைப் போட்டால் அவள் பெயரும் வருகிறது. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. எங்கள் பங்குச் சாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நல்ல கேள்விம்மா” என்றார். பதில் சொல்வதுபோல நடிக்காமல் விட்டாரே, அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடிற்று.

பிப்ரவரித் திருநாளுக்கு ஓரியூர் போகும்போதெல்லாம் அந்தச் செம்மண்ணில் ஒரு கை அள்ளிக்கொண்டு, அருளானந்தருக்கு ஒரு செபம் சொல்லிவிட்டு, கடலாயிக்கும் ஒரு செபம் சொல்லிவிட்டு வருவேன். என்னோடு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அடுத்த தடவை உங்களில் யாராவது கூட வருவதானால் சொல்லுங்கள்; காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகப் போய்விடலாம். என் அறைத்தோழி வருவதாக இப்போதே தலையை ஆட்டுகிறார்.